கைத்தொழிற் பள்ளியும் கற்றற் குறையும்
இஸ்ரேலில் வாழும் அரபி மாணாக்கரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஏட்டுக் கல்வியிற் பின்தங்கிய பிள்ளையைக் கைத்தொழிலிற் சேர்த்துவிட்டால் அவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்னும் எண்ணம் உலகில் எங்கும் பரவிக் கிடக்கின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மையாகும் என்பதை ஒரு குறிப்பிட்ட நாட்டினிடத்தும், அந்நாட்டினுள்ளும் ஒரு சிறுபான்மைச் சமூகத்தினிடத்தும் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்டது இஸ்ரேல் நாட்டிலுள்ள அரபி மாணாக்கரின் நிலையாகும்.

1948-ஆம் ஆண்டில் அந்நாடு அமைந்தபோது அதன் எல்லைக்குள் எஞ்சிநின்ற அரபிகள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர். இன்றோ அவர்கள் இருபது இலட்சத்திற்கு மேற்பட்டவராய், குடிகளில் ஐந்திலொரு பங்கினராய் இருக்கின்றனர். முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களும், துரூசியரும், தெற்கே நெகேவ் பாலைநிலத்து பெதூயினரும் இத்தொகையுள் அடங்குவர். இவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் அரபி பாஷையிற் போதிக்கும் தனிப் பள்ளிகளிற் கற்கின்றனர். எபிரெய பாஷையை இரண்டாம் பாஷையாகவும், ஆங்கிலத்தை அதற்கடுத்ததாகவும் பயில்கின்றனர்.

இனிக் கற்றற் குறை என்பது யாதெனச் சிறிது விளக்குவாம். 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய பிரிங்கிள் மார்கன் என்பவர் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையொன்றில் எழுதினார். அச்சிறுவன் கூரிய அறிவினன்; விளையாட்டிற் சுறுசுறுப்புள்ளவன்; பெரிய எண்களைப் பெருக்குதலும் அவனுக்கு எளிதாயிருந்தது. ஆயினும், பல ஆண்டு முயன்றும் எளிய சொற்களைத்தானும் அவனால் வாசிக்கக் கூடவில்லை. போதனை முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியிலேயே மிகக் கெட்டிக்காரன் அவனே என்று அவனுடைய ஆசிரியர் கூறினாராம். இத்தகைய குறைக்குக் 'கற்றற் குறைபாடு' எனப் பொருள்படும் பொதுப்பெயரை வழங்கச் செய்தவர் அமெரிக்கக் கல்வியறிஞர் ஸாமுவேல் கிர்க். அஃது 1963-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வாசிப்பிற் காணும் குறையை டிஸ்லெக்ஸியா என்றும், கணக்கிற் காணும் குறையை டிஸ்கால்குலியா என்றும் இன்று வழங்குவர். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நூல், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை இக்குறையுடையர் என மதிக்கின்றது. அறிவு மந்தமும் இஃதன்று, சோம்பலும் இஃதன்று. இவ்விரண்டினின்றும் இதனைப் பிரித்தறிதலே ஆசிரியரின் முதற்கடமை.

இக்குறையுடைய மாணாக்கன் கைத்தொழிற் பள்ளியை அடைவது பெரும்பாலும் தன் விருப்பத்தாலன்று. நடுநிலை வகுப்புகளில் அவன் பெற்ற எண்கள் அவனை அங்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இஸ்ரேலில் 1953-ஆம் ஆண்டுத் தொழில் பயில்வோர் சட்டத்தின் கீழ், வாரத்திற் சில நாள் வகுப்பிலும் சில நாள் தொழிலிடத்திலும் கற்கும் முறை ஏற்பட்டது. கல்வி அமைச்சைச் சார்ந்த தொழில்நுட்பப் பிரிவுகளும் உள. 1880-இல் ருஷியாவில் தோன்றிய ஓர்ட் என்னும் யூத சங்கத்தின் பெயரைத் தாங்கிய பள்ளித் தொகுதியும், 1928-இல் தோன்றிய அமால் என்னும் தொகுதியும் இத்துறையிற் பேர்பெற்றவை. அரபிகளின் ஊர்களிலும் இத்தகைய தொகுதிகளின் பள்ளிகள் நடைபெறுகின்றன.

ஈண்டு ஓர் ஆராய்ச்சியைக் குறித்தல் தகும். யோஸி ஷாவிட் என்னும் சமூகநூற் புலவர், அரபிகளுக்குரிய பள்ளிகளில் முற்காலத்தே கைத்தொழிற் பிரிவுகள் அருகியே இருந்தன என்பதனை 1990-இல் எடுத்துக் காட்டினார். கீழைத் தேசங்களினின்று குடியேறிய யூதப் பிள்ளைகள் அப்பிரிவுகளிற் பெருவாரியாகச் சேர்க்கப்பட்டனர். அதனால் மேற்கல்வியின் வாயில் அவர்களுக்கு ஒடுங்கிப்போயிற்று. பட்டறைகள் இல்லாக் குறையினாலேயே அரபி மாணாக்கருட் சிலர் அந்த ஒடுக்கத்திற்குத் தப்பினர் என்பது அவர் கண்ட முடிபு. பிரிவு என்பது படியாகவும் அமையலாம், மதிலாகவும் அமையலாம் என்பதை இதனால் அறிகின்றோம். கைத்தொழிற் பிரிவைத் தாழ்வாகக் கருதுவார் கூற்றை நாம் ஒப்பவில்லை. எனினும், வாசிக்கமாட்டாதவனை அங்கு அனுப்பிவிட்டு, வாசிப்பைப் பற்றிய கவலையையும் அத்துடன் விட்டுவிடுதல் பெருந்தவறு என்பது நம் துணிபு.

ஏனெனில், பட்டறை என்பது எழுத்தில்லாத உலகமன்று. மின்சாரத் தொழிலாளி கம்பிகளின் படத்தையும் அளவுக் குறிகளையும் வாசித்தல் வேண்டும். இஸ்ரேலில் 1954-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் உரிமச்சீட்டு இல்லாதவன் அத்தொழிலிற் கைவைத்தலைத் தடுக்கின்றது. கடைசல் யந்திரத்தில் நிற்பவன் மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கைப் பிழையின்றிப் படித்தல் வேண்டும். இரசாயனப் புட்டியின் மேல் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டும், சாரத்தின்மேல் ஏறுவோன் காணவேண்டிய அறிவிப்பும் எழுத்தினாலாயவை. வகுப்பிற் பிழையாக வாசிப்பவனுக்கு எண் குறையும். பட்டறையிற் பிழையாக வாசிப்பவனுக்கு விரல் போகும்.

அரபி மாணாக்கனுக்கு இவ்வாசிப்பு எவ்வகையில் மிகையான சுமையாகின்றது என்பதனை இனி விரிப்பாம். இதுவே இவ்விஷயத்தின் உயிர்நிலை.

அரபி நெடுங்கணக்கில் 28 எழுத்துக்கள் உள. அவை வலமிருந்து இடமாகத் தொடுத்தெழுதப்படும். சொல்லின் முதலில் ஓர் உருவும், இடையில் ஓர் உருவும், கடையில் ஓர் உருவும், தனித்து நிற்கையில் பிறிதோர் உருவுமாக எழுத்துக்கள் வேறுபடும். அவற்றுள் ஆறு மட்டும் தமக்குப் பின்வரும் எழுத்தோடு கைகோவாமல் விலகி நிற்கும். இஃதன்றிப் புள்ளிகளின் தொல்லை ஒன்று உண்டு. சொல்லின் முதலிலும் இடையிலும் ஒரே சிறு பல்லைப் போன்ற கோடு, கீழே ஒரு புள்ளி பெற்றால் ஓர் எழுத்து. மேலே ஒரு புள்ளி பெற்றால் மற்றோர் எழுத்து. மேலே இரண்டு, மேலே மூன்று, கீழே இரண்டு என்று புள்ளி மாறுந்தோறும் எழுத்து மாறும். ஐந்து எழுத்துக்கள் இங்ஙனம் புள்ளியொன்றினாலேயே பிரிகின்றன. கைஃபா சர்வகலாசாலையின் ஸோஹார் எவியாதாரும் ரஃபீக் இப்ராகீமும் இவ்வெழுத்துருக்களின் நெருக்கம் வாசிப்பைத் தாமதப்படுத்துவதைத் தம் சோதனைகளால் விளக்கியுள்ளனர். குறையில்லாத பிள்ளைக்கே இத்துணை வருத்தமெனின், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலேயே தடுமாறும் பிள்ளையின் பாடு கூறவேண்டுவதில்லை.

மேலும், குறில் உயிர்கள் எழுத்துக்களின் மேலும் கீழும் இடப்படும் சிறு குறிகளாலேயே காட்டப்பெறும். அக்குறிகள் தொடக்க வகுப்புப் புத்தகங்களில் மட்டும் இருக்கும், அதன்பின் நீங்கிவிடும். அப்பால், க-த-ப என்னும் மூன்று மெய்களைக் கண்ட மாணாக்கன் அது 'கதப', எழுதினான், என்பதோ, 'குதிப', எழுதப்பட்டது, என்பதோ, 'குதுப்', நூல்கள், என்பதோ எனத் தொடர்நோக்கித் துணிதல் வேண்டும். புள்ளியின்றி எழுதிய நம் ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பாடம் ஓதிய புலவர் பட்ட இடரை நினைப்பார்க்கு இஃது எளிதில் விளங்கும். அப்புலவரேனும் முதிர்ந்தவர், இவனோ தொழில் பயில வந்த இளைஞன்.

இவற்றினும் பெரிதொன்றுண்டு. வீட்டிற் பேசும் அரபி வேறு. ஏட்டிற் காணும் அரபி வேறு. இவ்விரட்டை வழக்கை 1959-இல் சார்லஸ் ஃபெர்குஸன் என்னும் மொழிநூலறிஞர் ஆராய்ந்து தனிப்பெயரிட்டு வழங்கினார். செந்தமிழும் பேச்சுத் தமிழும் இயங்கும் நிலையை அறிந்த நமக்கு இது புதிதன்றெனினும், அரபியில் இடைவெளி மிக அகன்றது. ஐந்து வயதுக் குழந்தைகளின் சொற்களை ஆராய்ந்த எலினோர் ஸாயெக்-ஹத்தாத், பெர்னார்டு ஸ்பால்ஸ்கி என்னும் இருவர், ஏட்டு வழக்கோடு முற்றும் ஒத்தன நூற்றுக்கு இருபது அளவினவே என 2014-இல் எழுதினர். ஏறத்தாழ நாற்பது ஒலி திரிந்தவை. எஞ்சியவை முற்றிலும் வேறு சொற்கள். கண்டான் என்பதற்கு வீட்டில் 'ஷாஃப்' என்பான். ஏட்டில் 'ரஆ' எனப் படிப்பான். எழுதுகோலுக்கு ஏட்டில் 'கலம்' என்றிருப்பதை நகரத்துப் பிள்ளைகள் பலர் முதலெழுத்தை விழுங்கி 'அலம்' என்பர். துரூசியப் பிள்ளைகளோ ஏட்டொலியைப் பேச்சிலும் காப்பர். வாயில் வழங்காத ஒலியைக் காதால் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துதல் குழந்தைகளுக்கு அரிதென்பதையும் ஸாயெக்-ஹத்தாத் 2003-இலேயே காட்டியிருந்தார்.

தொழிற்பள்ளியில் மூன்றாவது பாஷையொன்று வந்து புகுகின்றது. தொழிலிடங்களிலும் கடைகளிலும் எபிரெயமே மிகுதியாய் வழங்குகின்றது. ஒரு சுத்தியலையே எடுத்துக்கொள்வோம். தந்தை வீட்டில் அதனை 'ஷாகூஷ்' என்பார். பாடப்புத்தகம் 'மித்ரகா' என்னும். தொழிலிடத்து மேற்பார்வையாளன் 'பதீஷ்' எனக் கேட்பான். கருவி ஒன்று, பெயர் மூன்று, எழுதும் எழுத்து இருவகை. ஒரு பெயரையே எழுத்தில் நிலைநிறுத்த வருந்துவோனுக்கு இது மும்மடங்கு உழைப்பாம்.

எண்களின் வழக்கும் அவ்வாறே. இருபத்தைந்தை அரபியில் 'கம்ஸா வ இஷ்ரீன்', அதாவது ஐந்தும் இருபதும், என்பர். எபிரெயத்தில் நம்மைப் போலவே இருபதை முன்னும் ஐந்தைப் பின்னும் வைத்து 'எஸ்ரிம் வெஹமேஷ்' என்பர். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினும் இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே நிற்கும். அளவைக் காதாற் கேட்டுத் தாளிற் குறிக்கும் மாணாக்கன் கணக்கிற் குறையுடையவனாயின் 25 என்பதை 52 என எழுதிவிடுதல் எளிது. அறுத்த பலகையை மீண்டும் நீட்ட யாரால் இயலும்?

இத்தனை காரணங்கள் ஒருங்கு கூடியிருத்தலின், ஒரு மாணாக்கன் வாசிக்க மாட்டாமைக்குக் குறைபாடு காரணமா, பாஷையின் இடைவெளி காரணமா, பள்ளியின் வறுமை காரணமா என்று அறிதல் மிகக் கடினமாகின்றது. 2018-ஆம் ஆண்டில் பதினைந்து வயது மாணாக்கருக்குப் பல தேசங்களில் நடந்த பீஸா பரீட்சையின் வாசிப்புப் பகுதியில், இஸ்ரேலின் எபிரெயப் பள்ளி மாணாக்கர் சராசரி 506 எண்ணும், அரபிப் பள்ளி மாணாக்கர் 362 எண்ணும் பெற்றனர். 144 எண் வேற்றுமையை மூளையின் குறையெனச் சொல்வார் எவருமிலர். ஆயினும், இப்பெரு வெள்ளத்திலே உண்மையாகக் குறையுடையோர் மறைந்துபோகின்றனர். 'எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்' என்று ஆசிரியர் சமாதானமடைய, உதவி வேண்டியவன் உதவியின்றியே வகுப்பேறுகின்றான். மறுபுறத்தில், எபிரெயத்தினின்று மொழிபெயர்த்த சோதனையைக் கொண்டு அளந்தால் குறையில்லாதவனும் குறையுடையோனாய்த் தோன்றுவான். எழுத்து வேறு, இலக்கணம் வேறு, ஒலி வேறாகிய பாஷைக்கு மொழிபெயர்த்த அளவுகோல் எங்ஙனம் பொருந்தும்? அரபிப் பிள்ளைகளையே அளந்து, அவர்களுக்கென அளவு வகுத்த சோதனைகள் வேண்டும் என அறிஞர் வற்புறுத்துவது இதனாலேயே.

சட்டங்கள் இல்லாமலில்லை. விசேஷக் கல்விச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது; 2018-இல் திருத்தப்பட்டு, பிள்ளை எப்பள்ளியிற் கற்பது என்பதில் பெற்றோர் விருப்பத்திற்கு இடம் மிகுந்தது. கற்றற் குறையுடையோரைப் பற்றி ஆராய்ந்த மல்கா மர்கலித் அம்மையாரின் குழு 1997-இல் அறிக்கை தந்தது. மேற்படிப்பு நிலையங்களில் இவர்களுக்குரிய உரிமைகளை 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அரபி ஊர்களின் முன்னேற்றத்திற்காக 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், மறுபடி 2021-ஆம் ஆண்டு அக்டோபரிலும் அமைச்சரவை ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்தது. ஆனால் சட்டத்தின் வாயிலுக்கும் மாணாக்கனுக்கும் இடையே ஒரு சீட்டு நிற்கின்றது; அதுதான் குறையைச் சோதித்தறிந்த அறிக்கை. அதனைப் பெறப் பெற்றோர் பெரும்பாலும் தம் கைப்பொருளையே செலவிடவேண்டும். செல்வமுள்ள ஊரார் எளிதிற் பெறுகின்றனர். கூலிவேலை செய்வோர் பெறுவதில்லை. நெகேவில் அரசினர் ஒப்புக்கொள்ளாத பெதூயினச் சிற்றூர்களில் மின்சாரத் தொடர்புதானும் இல்லையெனின், அரபியிற் சோதிக்கவல்ல நிபுணரை அங்கு எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இந்நிலையில் தொழிற்பள்ளி ஆசிரியர் அறிக்கை வருமளவும் காத்திராமலே செய்யக்கூடுவன பல உள. நம் ஆராய்ச்சியில் பயனுள்ளவையாகத் தோன்றியவற்றைக் கூறுவாம்.

பட்டறைச் சுவரிற் கருவிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அருகே பேச்சு அரபிப் பெயரையும், ஏட்டு அரபிப் பெயரையும், எபிரெயப் பெயரையும் மூன்று நிறங்களிற் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது எளிய செயல். ஏட்டு அரபிப் பெயருக்கு உயிர்க்குறிகளும் இடப்படல் வேண்டும். இக்குறிகளின் பயனைப் பற்றி அறிஞர் ஒருமனப்படவில்லை. ஸலீம் அபூ-ரபியா, குறிகள் வல்லாருக்கும் மெல்லியருக்கும் ஒருங்கே துணைசெய்யும் என்று கண்டார். பின்வந்தோர் சிலர், குறிகள் மிகுந்து கண்ணை நெருக்கும் என்கின்றனர். நெடிய பாடத்திற்கு எவ்வாறாயினும் ஆகுக. புதிதாய்க் கற்கும் தனிச்சொல்லுக்குக் குறியிடுவதில் இழப்பொன்றுமில்லை என்பது நம் கருத்து.

அரபிச் சொற்கள் பெரும்பாலும் மும்மெய் வேர்களினின்று கிளைப்பன. த-ர-க என்னும் வேர் தட்டுதலைக் குறிப்பது. அதனினின்று 'மித்ரகா', தட்டுங்கருவி, பிறந்தது. 'மி' என்று தொடங்கும் இவ்வச்சிற் கருவிப் பெயர்கள் பல அமையும். வேரையும் அச்சையும் பிரித்துக் காட்டிப் போதித்தால், எழுத்தெழுத்தாய்த் தடவும் மாணாக்கன் சொல்லின் எலும்பைப் பிடித்துக்கொள்வான். இதனை இலக்கண வகுப்பிற் போதிப்பதினும், கையிற் கருவியுடன் நிற்கையிற் போதித்தல் நன்று. தொழிலாசிரியரும் விசேஷக் கல்வி ஆசிரியரும் ஒரே பட்டறையில் வாரத்திற் சில மணியேனும் இணைந்து நிற்றல் இதற்கு இன்றியமையாதது. தொழிலாசிரியருட் பலர் தம் தொழிலில் வல்லுநர்; கற்றற் குறையைப் பற்றி யாதும் கேட்டிராதவர். விசேஷக் கல்வி ஆசிரியரோ இரம்பத்திற்கும் அரத்திற்கும் வேற்றுமை அறியார். ஒருவரையொருவர் நாணாமற் கேட்டறியும் பள்ளியில் மாணாக்கன் பிழைக்கின்றான்.

செய்முறையை ஒரே மூச்சிற் சொல்லாமல், ஒரு படி சொல்லி, ஒரு படி செய்துகாட்டி, மாணாக்கன் செய்தபின் அடுத்த படியைத் தொடங்குதல் வேண்டும். படிகளைப் படமாக்கி எண்ணிட்டு மேசைமேல் ஒட்டுதல் நினைவிற் குறையுடையோர்க்கு நல்ல துணை. அளவைச் சொல்லும்போது வாயாற் சொல்வதோடு இலக்கத்தையும் எழுதிக் காட்டவேண்டும். மாணாக்கன் அதனைத் திருப்பிச் சொன்ன பின்னரே அறுக்க விடவேண்டும். இவ்வழக்கம் குறையுடையோர்க்கு மட்டுமன்று, யாவர்க்கும் காப்பாம்.

பரீட்சையைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இஸ்ரேலில் குறையுடைய மாணாக்கருக்குக் காலம் நான்கிலொரு பங்கு மிகுதியாகத் தருதல், எழுத்துப் பிழைக்கு எண் குறையாமை, வினாத்தாளை ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்தல், வாய்மொழியாய் விடை கூறவிடுதல் முதலிய சலுகைகள் உண்டு. எபிரெயப் பிள்ளைக்கு ஒலிப்பதிவு கேட்பித்தால் எழுத்தின் தடை நீங்கிவிடும். கேட்பது தன் வீட்டுப் பேச்சே. அரபிப் பிள்ளை கேட்பதோ ஏட்டு அரபியை. எழுத்தின் தடை நீங்கியும் பாஷையின் தடை நிற்கின்றது. ஒரே சலுகை ஒருவனுக்கு முழுமையாகவும் மற்றொருவனுக்குப் பாதியாகவும் பயன்படுதல் சமமாகுமா? வினாவை ஏட்டு வழக்கிற் படித்துவிட்டு, அதன் கருத்தை ஊர்ப் பேச்சில் ஒருமுறை விளக்க ஆசிரியருக்கு உரிமை அளித்தல் தகும் என்று நாம் கருதுகின்றோம். தொழிற் பரீட்சையில் அறியவேண்டியது அவன் மின்கம்பியை அறிவானா என்பதே. ஏட்டு வழக்கை அறிவானா என்பதன்று. இதற்கு எதிராக, பேச்சு வழக்கை ஏற்றால் ஏட்டு வழக்கு அழியும் என்பார் உளர். சிறுபான்மையோர் தம் பாஷையைப் பற்றி அஞ்சுவது இயற்கையே. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அரபியை அரசாங்க பாஷை என்னும் நிலையினின்று இறக்கிய பின் அவ்வச்சம் வலுத்திருக்கின்றது. ஆயினும் அப்பாரத்தைப் பதினாறு வயது மின்சார மாணாக்கனொருவன் பரீட்சை மண்டபத்திற் சுமக்கவேண்டுவதில்லை.

குடும்பங்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. 'குறை' என்னும் சொல் வீட்டின்மேல் விழுவதைப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அஞ்சி, சோதனைக்கு இணங்க மறுப்போரும் உளர். அவர்களோடு பேசுவோர் பிள்ளை செய்யமாட்டாதவற்றை அடுக்கித் தொடங்கின் பேச்சு அங்கேயே முடியும். பட்டறையில் அவன் செய்த பூட்டையோ பெட்டியையோ தந்தையின் கையிற் கொடுத்துப் பேசத் தொடங்கும் ஆசிரியர் வேறு விதமான விடையைப் பெறுவார்.

பெண்பிள்ளைகளின் காரியம் இன்னும் மறைவானது. 1990-இல் அமெரிக்காவில் ஷேவிட்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது, பள்ளிகள் கண்டுபிடித்து அனுப்பியவருள் ஆண்பிள்ளைகள் மிகுந்திருந்தனர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நிரலாகச் சோதித்தபோதோ, பெண்பிள்ளைகளின் தொகை ஆண்பிள்ளைகளின் தொகைக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. குழப்பம் செய்வோன் ஆசிரியர் கண்ணிற் படுகின்றான். பின்வரிசையில் அடங்கியிருப்பவள் படுவதில்லை. அரபிப் பெண்பிள்ளைகள் கற்கும் தொழிற் பிரிவுகளிலும் மாதந்தோறும் ஒவ்வொருத்தியையும் தனியே அழைத்து, பாடப் பக்கமொன்றை வாய்விட்டு வாசிக்கச் செய்து கேட்பதற்கு அரைமணி போதும். அதற்கு அறிக்கையும் வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை.